பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி

ஜூன் 9, திங்கள்

மாடத்தி வழக்கு இன்றும் நடக்கவில்லை. அரசு வக்கீலுக்கு வயிறு சரியில்லையாம். நேற்று கல்யாண வீட்டில் அவரை இரண்டு பந்தியில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வாதத்தை ஜூலை மூன்றாம் தேதிக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

கூண்டை விட்டு இறங்கும்போது மாடத்தி சொன்னாள்: “பள்ளிக்கூடம் தொறந்தாச்சு வக்கீலம்மா. பிள்ளைய எட்டாங்கிளாஸ்ல நானே கொண்டுவிட்டுரலாம்னு நெனச்சிருந்தேன்.”

“அடுத்த மாசம் நீயே கூட்டிட்டுப் போவே” என்றேன். கட்சிக்காரரிடம் இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக் கூடாது. இருபது வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் இந்த வழக்கில் சொல்லலாம்.

இலவச சட்ட உதவியில் என்னிடம் வந்த வழக்கு. மாடத்தி வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவள். புருஷன் குடித்துக் குடித்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஒருநாள் விடியற்காலையில் செத்துப்போனான். அடக்கம் முடிந்து பல நாள் கழித்து அவனுடைய அண்ணன் போலீசுக்குப் போய், தம்பி பொண்டாட்டி விஷம் வைத்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தான். தம்பியின் மூன்று சென்ட் மனைமேல் அவனுக்கு ஒரு கண் என்பது ஊருக்கே தெரியும். கோர்ட்டுக்கு வந்து சொல்லத்தான் ஆளில்லை. உடலைத் தோண்டியெடுத்து, குடல், ஈரல் எல்லாம் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ‘நஞ்சு எதுவும் கண்டறியப்படவில்லை’ என்று அறிக்கை வந்தது. போலீஸ் கையில் மிச்சம் இருப்பது வீட்டுக்குப் பின்னால் எடுத்த ஒரு காலி பூச்சிமருந்து பாட்டிலும், புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டார்கள் என்ற அக்கம்பக்கத்துப் பேச்சும்தான். வாழை போடுகிற ஊரில் பூச்சிமருந்து பாட்டில் இல்லாத வீடு எது?

அறிக்கை எழுதியவரைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அறிக்கையை மட்டும் தாக்கல் செய்தால் போதும் என்று சட்டமே சொல்கிறது. நமக்குச் சாதகமாக எழுதியவரைக் கூப்பிட்டு நாமே கிளறிக் கெடுத்துக்கொள்வானேன்?

ஜூன் 12, வியாழன்

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பாதி வெந்த இட்லியை இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போனார். சண்டை போடக்கூட லாயக்கில்லாத மனுஷன்.

ஜூன் 14, சனி

மதுரையில் இரண்டு நாள் பயிற்சி. தடய அறிவியல் சாட்சியத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். பெண் வக்கீல் ஒருவர் வேண்டும் என்பதற்காகச் சங்கத்தில் என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். போகிறேன். சட்ட உதவி மையத்தில் மாதச் சம்பளத்தோடு முழுநேர வக்கீல் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன். சான்றிதழ் ஒன்று கூட இருந்தால் நல்லது.

நம் நீதிபதி திருவேங்கடநாதனும் வருகிறார் என்று கேள்விப்பட்டேன். மாடத்தி வழக்கு அவரிடம்தான் இருக்கிறது. மனுஷர் நல்லவர். கைநீட்டுகிறவர் இல்லை, கத்துகிறவர் இல்லை. அறிவியல் என்றால் மட்டும் முகத்தில் ஒரு பயம் வரும். இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டால் தெளிந்துவிடுவார். கடவுளாகப் பார்த்து அனுப்பிய பயிற்சி இது.

ஜூன் 21, சனி. மதுரை

ஹோட்டல் மண்டபம். முன்னால் இரண்டு வரிசை நீதிபதிகளுக்கு. வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு முந்திரி. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள். எங்களுக்கு முந்திரி கிடையாது. ஒவ்வொரு நீதிபதி நுழையும்போதும் எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் காலையிலேயே இடுப்பு விட்டுப்போயிற்று. எங்கள் அரசு வக்கீல் வரவில்லை. அவருக்கு இன்னொரு கல்யாணம்.

வகுப்பெடுத்தவர் டாக்டர் நூர்ஜஹான். ஆய்வகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். கனத்த கண்ணாடி, கைத்தறிச் சேலை, மைக் தேவைப்படாத குரல். “நான் ‘மனித ரத்தம், பிரிவு தெரியவில்லை’ன்னு எழுதிக் கொடுத்தேன். தீர்ப்புல ‘இறந்தவரின் ரத்தம்தான் என்று ஆய்வகம் உறுதி செய்துள்ளது’ன்னு வந்தது. நான் எப்ப சார் உறுதி செஞ்சேன்?” என்றார். பின்வரிசையில் சிரித்தோம். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அரைமணிக்கு ஒருதரம், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீதிபதி கேட்டால், அவருக்குத் தெரியாது என்று வக்கீல்களுக்குத் தெரிந்துவிடும். வக்கீல் கேட்டால், பதிலை நீதிபதியும் குறித்துக்கொள்வார். அவருக்கும் அது தெரியாது என்று வெளியே வந்துவிடும். இந்த மரியாதை எங்கள் தொழிலில் ரத்தத்தில் ஊறியது. பாவம், டாக்டர் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாளைக்கு நஞ்சுகளைப் பற்றிய வகுப்பு.

ஜூன் 22, ஞாயிறு. இரவு, வீட்டில்

இன்று நான் ஒரு காரியம் செய்தேன்.

காலைச் சாப்பாட்டின்போதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நீதிபதி முன்வரிசையில் இருக்கிறார். இந்தத் துறையில் அனுபவமுள்ளவர் மேடையில் இருக்கிறார். அரசு வக்கீல் ஊரிலேயே இல்லை. ‘ஆய்வகம் நஞ்சு இல்லையென்றால் இல்லைதான்’ என்று அந்த அம்மாள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். நான் ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

படம் காட்டுவதற்காக விளக்கை அணைத்திருந்தார்கள். இருட்டில் எழுந்து, “டாக்டர், பொதுவா ஒரு சந்தேகம். புதைச்ச உடம்பைத் தோண்டியெடுத்து அனுப்பறாங்க. நஞ்சு எதுவும் கண்டறியப்படலைன்னு ரிப்போர்ட் வருது. அதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“அருமையான கேள்வி. ரெண்டு நாளா இதுக்குத்தான் காத்திருந்தேன்” என்றார் டாக்டர். “கண்டறியப்படலைன்னா, இல்லைன்னு அர்த்தமில்லை. உடம்பு அழுகியிருக்கலாம். சாம்பிளை ஸ்டேஷன்லயே மாசக்கணக்குல போட்டிருக்கலாம். சில பூச்சிமருந்து மண்ணுக்குள்ளயே சிதைஞ்சு போயிரும்.”

முன்வரிசையில் எங்கள் நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் அவர் எழுதி நான் பார்த்தது அப்போதுதான்.

அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டது. விளக்கைப் போட்டார்கள். நீதிபதிகளுக்குத் தனி அறையில் டீ. எங்களவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததால் நாங்கள் எல்லோரும் எழுந்தோம். நாற்காலிச் சத்தத்துக்கு நடுவே டாக்டர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்: “அதுக்காக நஞ்சு இருந்துச்சுன்னும் அர்த்தமில்லைங்க. அந்த ரிப்போர்ட் எந்தப் பக்கமும் பேசலை, அவ்வளவுதான். அதை வெச்சு யாரையும் தண்டிக்க முடியாது…”

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்தின் பலன் நமக்குத்தான். கேட்டது நல்லதாகப் போயிற்று. இரண்டு நாளில் அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி என்னுடையது.

இவரிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, “கேஸ் அவர்கிட்டதானே நடக்குது? அவர் முன்னாடி போயா கேட்டே?” என்றார்.

“பொதுவாத்தான் கேட்டேன்.”

போர்வையை எடுத்து உதறினார். சட்டம் தெரியாதவர்களிடம் இதையெல்லாம் பேசக் கூடாது.

ஜூலை 3, வியாழன்

வாதம் முடிந்தது. நன்றாகப் பேசினேன். மஞ்சள் காமாலைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைக் காட்டினேன். சாவுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் கூண்டில் சொன்னதை வாசித்தேன். ஆய்வக அறிக்கைக்கு வந்ததும் நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் டிரெய்னிங்லயே விளக்கமா சொல்லிட்டாங்களே.” சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பகுதியில் இன்னும் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். நீதிபதி தெரியும் என்று சொன்ன பிறகு எதற்கு?

அரசு வக்கீல் பாட்டில், சண்டை என்று பத்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டார். அறிக்கையைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

ஜூலை 17, வியாழன்

நாளைக்குத் தீர்ப்பு. மாடத்தியின் அக்கா போன் பண்ணினாள். “மாத்துச் சேல கொண்டு வரட்டுமாம்மா? செயிலு சேலையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வரக் கூடாதும்பாவ.” கொண்டு வரச் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆயுள் தண்டனை.

ஜூலை 19, சனி

நேற்று எழுத முடியவில்லை.

நீதிபதி வாசித்து முடித்ததும் மாடத்தி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். விடுதலையா, தண்டனையா என்று அவளுக்குப் புரியவில்லை. நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அக்காக்காரி சேலைப் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பெண் போலீஸ் கையைப் பிடித்தபோது மாடத்தி, “பிள்ளைக்கு என்ன சொல்லட்டும் வக்கீலம்மா?” என்று கேட்டாள்.

இன்று தீர்ப்பு நகலைப் படித்தேன். முப்பத்தோராவது பத்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்:

“ஆய்வக அறிக்கையில் நஞ்சு கண்டறியப்படவில்லை என்பதை மட்டும் கொண்டு நஞ்சு கொடுக்கப்படவில்லை என்று முடிவு செய்ய இயலாது. உடல் அழுகிய நிலையிலும், மாதிரிகள் தாமதமாகப் பெறப்பட்ட நிலையிலும் சில பூச்சிக்கொல்லிகள் சிதைந்துவிடக்கூடும் என்பது தடய அறிவியலில் நன்கு அறியப்பட்ட உண்மையாகும். எனவே மேற்படி அறிக்கை எதிரியான மாடத்திக்கு எவ்வகையிலும் உதவாது.”

இது எந்தச் சாட்சி சொன்னது? ஒரு சாட்சியும் சொல்லவில்லை. நன்கு அறியப்பட்டதாம்! போன மாதம் டீ வருவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால்தான் ஐயாவுக்கே அறியப்பட்டது. வாக்கியம்கூட டாக்டருடையதுதான். உட்கார்ந்து எழுதியவருக்கு இரண்டாவது பாதியையும் கேட்டுவிட்டுப் போக ஒரு நிமிஷம் இல்லை. டீ ஆறிப்போயிருக்கும்!

எல்லார்மீதும் ஆத்திரமாக வருகிறது. பாதி கேட்டுவிட்டு எழுந்து போன நீதிபதிமீது. முக்கியமானதைக் கடைசியில் சொன்ன அந்த அம்மாள்மீது. நீதிபதியின் சட்டைப்பைக்குள் அந்த வரியைப் போட்டு அனுப்பிய பயிற்சிமீது. ஒன்றும் தெரியாத பழைய நீதிபதியாகவே இருந்திருந்தால் ‘நஞ்சு இல்லை’ என்று படித்துவிட்டு விடுதலை செய்திருப்பார்.

அந்த மண்டபத்தில் யாரும் எதையும் கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 22, செவ்வாய்

டாக்டர் நூர்ஜஹானின் நம்பரை வாங்கிப் பேசினேன். தீர்ப்பை வாசித்துக் காட்டினேன்.

“ரெண்டாவது பாதியும் சொன்னேனேம்மா” என்றார். குரல் உடைந்திருந்தது. “அதை வெச்சு யாரையும் தண்டிக்க முடியாதுன்னு சொன்னேனே. நீங்க இருந்தீங்கள்ல, கேட்டீங்கள்ல?”

“கேட்டேன் டாக்டர்.”

“நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்னு முழுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஐகோர்ட்ல குடுங்க. ஆனா நான் மட்டும் சொன்னா எடுபடாது. அந்தக் கேள்வியைக் கேட்டாங்களே ஒரு அம்மா, அவங்களும் எழுதித் தரணும். என்ன கேட்டாங்க, பதில் எந்த இடத்துல நின்னுச்சு, ஜட்ஜ் எப்ப எழுந்து போனாருன்னு. இருட்டுல முகம் தெரியலை. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

“தெரியலையே டாக்டர். விசாரிச்சுப் பாக்குறேன்” என்றேன்.

ஜூலை 26, சனி

என் சீனியர் செண்பகராமன் சாரைப் பார்க்கப் போனேன். கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். தீர்ப்பை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டார்.

“சாட்சியத்துல இல்லாததை ஜட்ஜ் தானா கொண்டாந்து சேர்த்திருக்கார். ஆனா நீ சும்மா அப்படி எழுதினா ஐகோர்ட்ல, ‘இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே’ன்னு ஒரு வரியில தள்ளிருவாங்க. வகுப்புல பாதியைக் கேட்டுட்டு வந்து எழுதினாருன்னு காட்டணும். அதைக் காட்டிட்டா இந்தத் தீர்ப்பு ஒருநாள் நிக்காது.” பிறகு, “அந்தக் கேள்வியைக் கேட்டது யாரு?” என்றார்.

“யாரோ ஒருத்தி சார். பின்வரிசையில.”

“பதில் தெரியாம கேள்வி கேட்கக் கூடாதுன்னு முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கிறோமே. எவகிட்ட தொழில் படிச்சாளோ.”

தீர்ப்பு நகலை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

“பொதுவா கேட்டிருந்தா சரி. அந்த ஜட்ஜ்கிட்ட நிலுவையில இருக்கிற கேசை மனசுல வெச்சுக் கேட்டிருந்தா, பார் கவுன்சில் சும்மா விடாது. வக்கீல் சன்னதுக்கே ஆபத்து.” கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. “ஆனா அவ வந்து சொன்னா அந்தப் பொண்ணு வெளியே வந்துரும். அதையும் தெரிஞ்சுக்க, எஸ்தர்.”

காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

மாடத்தியின் அக்கா வந்திருந்தாள். புருஷனின் அண்ணன் மனையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுவிட்டானாம். பள்ளிக்கூடத்தில் கொலைகாரி மகள் என்று சொல்கிறார்களாம். அதனால் பிள்ளை இசக்கி போக மாட்டேன் என்கிறாளாம். நான் என்ன செய்ய? அப்பீல் போடப் போகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி. இவர் மட்டும் போய்விட்டு வந்தார். பிரசங்கம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பயிற்சி எப்படிப் பயன்பட்டது என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். நட்சத்திரம் போட வேண்டுமாம். நீதிபதி ஐயா ஐந்தும் போட்டிருப்பார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சட்ட உதவி மைய வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. இவர் அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். “சந்தோஷமா இல்லையா?” என்று கேட்டார். சந்தோஷம்தான் என்றேன். இந்த வேலையில் இருந்தால் மாடத்தி மாதிரி எத்தனையோ பெண்களுக்கு உதவலாம். ஒரு வழக்குக்காக எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்வது புத்திசாலித்தனமா? வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அல்வாவில் நெய் அதிகம். ஒரு துண்டோடு மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேல்முறையீட்டு மனுவை எழுதி அனுப்பிவிட்டேன். பதினேழு காரணங்கள் காட்டியிருக்கிறேன். பாட்டிலைக் கைப்பற்றியதில் உள்ள ஓட்டை, சாட்சிகளின் முரண், தாமதமான புகார், எல்லாம் இருக்கிறது. சாட்சியத்தில் இல்லாததை நீதிபதி சேர்த்துக்கொண்டார் என்பதையும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். ஒரு வரி போதும்.

டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். நான் எடுக்கவில்லை. ஓய்வு பெற்றவரை எதற்குக் கோர்ட்டுக்கு இழுத்தடிப்பது?

ஆகஸ்ட் 20, புதன்

மதுரைச் சிறைக்குப் போய் மாடத்தியைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். உள்ளே தையல் கற்றுக்கொடுக்கிறார்களாம். மகளைக் கேட்டாள். நன்றாகப் படிக்கிறாள் என்றேன்.

அப்பீல் போட்ட விவரத்தைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவள், “ஒரு சந்தேகம் வக்கீலம்மா” என்றாள்.

“சொல்லு.”

“வெஷம் தெரியலன்னாலும் இருந்திருக்கும்னு அய்யா எழுதியிருக்காவன்னு சொன்னியள்லா. அது அவியளுக்கு எப்பிடித் தெரிஞ்சிது? அறுத்துப் பாத்த டாக்டரு வந்தாவ, அவிய சொல்லல. போலீசு சொல்லல. சர்க்காரு வக்கீலும் சொல்லல. நான் ஒருநா விடாம அங்கதான நின்னேன். ஆருமே சொல்லலியே.”

கம்பிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு கிழவி பார்க்க வந்த மகனிடம் சத்தம்போட்டு அழுதுகொண்டிருந்தாள்.

“படிச்சவங்கல்லா மாடத்தி” என்றேன். “அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“அதுவுஞ் சரிதான்” என்றாள். நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து நின்றார். எழுந்தவள் திரும்பிப் பார்த்து, “அப்பீல்ல எல்லாம் எழுதிட்டியள்லா?” என்று கேட்டாள்.

எழுதிவிட்டேன் என்றேன்.

“அப்பொ எனக்குப் பயமில்ல. நீங்க இருக்கியள்லா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.